ராக் அண்ட் ரோலின் வேரும் நம்ம ஊர்த் தோலும்



போன கட்டுரையில் பாலாற்றைப் பற்றிப் பார்த்தோம். இந்தத் தடவை கொஞ்சம் தூரமாகப் போய் வரலாம், அமெரிக்கா வரைக்கும். பயப்படாதீர்கள், சுற்றி முடித்துவிட்டு அணைக்கட்டு பக்கமே வந்து சேர்ந்துவிடுவோம் :-)

"ராக் அண்ட் ரோலை ஆரம்பித்தது யார்?" என்று எங்கள் வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் எல்விஸ் பிரெஸ்லி என்பார்கள். மீதிப் பேர் பீட்டில்ஸ் என்பார்கள். பீட்டில்ஸ் கட்சியை முதலிலேயே ஓரம் கட்டிவிடலாம். அவர்களுடைய முதல் சொந்தப் பாட்டு இசைத்தட்டாக வந்ததே 1962-ல்தான். எல்விஸ் 1954. ஆனால் அந்த 1954 பாட்டே எட்டு வருடத்துக்கு முன்னால் வேறொருவர் எழுதிப் பதிவு செய்தது.

இன்னொரு கேள்வி. "தமிழில் குத்துப்பாட்டை ஆரம்பித்தது யார்?" உடனே ஏதாவது ஒரு சினிமா இசையமைப்பாளரின் பெயர் வரும். இரண்டு பதிலிலும் கோளாறு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு இசை எங்கே பிறந்தது என்பது ஒரு கதை. அது யார் பெயரில் பதிவானது என்பது வேறு கதை. இந்த இரண்டும் எப்படிப் பிரிந்தன என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

பெயர் வந்த கதை

"ராக்", "ரோல்" என்ற இரண்டு சொற்களையும் கப்பல் அலையில் ஆடுவதைச் சொல்ல மாலுமிகள் பயன்படுத்தி வந்தார்கள். பிறகு அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் அது ஆட்டத்துக்கும், ஜாடையாக ஆண் பெண் உறவுக்கும் பெயரானது. தேவாலயத்தில் பக்தி ஏறி உடம்பு ஆடுவதற்கும் "ராக்" என்றே சொன்னார்கள். 1922-லேயே டிரிக்ஸி ஸ்மித் என்ற ப்ளூஸ் பாடகி இந்த இரண்டு சொற்களும் தலைப்பிலேயே வரும் ஒரு பாட்டைப் பதிவு செய்திருக்கிறார்.

அதை ஒரு இசை வகையின் பெயராக ஊர் முழுக்கப் பரப்பியவர் ஆலன் ஃப்ரீட். வெள்ளைக்கார ரேடியோ அறிவிப்பாளர். 1951 முதல் கிளீவ்லாந்து நகர ரேடியோவில் ராத்திரி நேரத்தில் கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளைப் போட்டார். 1952 மார்ச் 21-ம் தேதி அவர் நடத்திய கச்சேரிக்கு அரங்கம் கொள்ளாத கூட்டம் வந்து, கதவை உடைத்து, கச்சேரியே பாதியில் நின்றுபோனது. ராக் அண்ட் ரோலின் முதல் பெரிய கச்சேரி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஏன் புதுப் பெயர் தேவைப்பட்டது? அதுவரைக்கும் கறுப்பின மக்களின் பாட்டுகளுக்குக் கம்பெனிகள் வைத்திருந்த பெயர் "ரேஸ் ரெக்கார்ட்ஸ்". பச்சையாகச் சொன்னால் "அந்த இனத்துக்காரர்களின் தட்டு". 1920-ல் மேமி ஸ்மித் பாடிய ப்ளூஸ் இசைத்தட்டு எக்கச்சக்கமாக விற்றதும்தான் கம்பெனிகள் இந்தத் தனி வரிசையைத் தொடங்கின. 1949-ல் பில்போர்டு பத்திரிகை அந்தப் பெயரைத் தூக்கிவிட்டு "ரிதம் அண்ட் ப்ளூஸ்" என்று மாற்றியது. அதே சரக்கை வெள்ளைக்கார இளைஞர்களிடம் விற்க வந்த பெயர் ராக் அண்ட் ரோல். கடை ஒன்று, வாசல் இரண்டு.

மேளத்துக்குத் தடை

இப்போது இன்னும் இருநூறு வருடம் பின்னால் போவோம். 1739 செப்டம்பரில் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில், அடிமைகள் கிளர்ச்சி செய்தார்கள். மேளம் அடித்துக்கொண்டே ஊர்வலமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அடுத்த வருடம், 1740-ல், அந்தக் காலனி ஒரு சட்டம் போட்டது. அடிமைகள் எழுதக் கற்றுக்கொள்வதற்குக் கட்டுப்பாடு, கூட்டம் சேர்வதற்குக் கட்டுப்பாடு. அதோடு மேளமும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது. மேளத்தால் செய்தி சொல்ல முடியும் என்பது ஆண்டைகளுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

மேளத்தைப் பிடுங்கினால் தாளம் போய்விடுமா? கையும் காலும் இருக்கிறதே! கைதட்டல், தரையில் மிதித்தல், தொடையில் தட்டல் என்று தாளம் உடம்புக்குள் குடியேறியது. வட்டமாகச் சுற்றி வந்து, ஒருவர் பாட மற்றவர்கள் பதில் பாடும் "ரிங் ஷவுட்" என்ற வழிபாட்டு ஆட்டம் அந்தப் பகுதிகளில் தழைத்தது. ஒருவர் கேட்க, கூட்டம் பதில் சொல்லும் இந்த முறை பின்னாளில் ப்ளூஸ், காஸ்பல், ராக் எல்லாவற்றிலும் முதுகெலும்பாக நிற்கிறது.

எல்லா இடத்திலும் ஒரே சட்டம் இருக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகள் கூடி மேளமடித்து ஆட ஒரு மைதானம் இருந்தது. 1817-ல் நகர நிர்வாகம் கூட்டத்தை அந்த ஒரே இடத்துக்குள் அடக்கியது. அதுதான் காங்கோ சதுக்கம். ஜாஸின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் அது.

வயலிலிருந்து நகரத்துக்கு

அடிமை முறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. வாழ்க்கை உடனே மாறிவிடவில்லை. பருத்தி வயலில் குத்தகைக் கூலி, கடன், நிறவெறிச் சட்டங்கள். இந்த மண்ணிலிருந்து வந்ததுதான் ப்ளூஸ். அதன் கட்டுமானம் ரொம்ப எளிமை. ஒரு வரி பாடு, அதையே திரும்பப் பாடு, மூன்றாவது வரியில் பதில் சொல். இசைக் கணக்கில் பெரும்பாலும் பன்னிரண்டு பார், மூன்றே மூன்று கார்டு. சக் பெர்ரியின் முக்கால்வாசிப் பாட்டுகள் இந்தக் கணக்கில் அடங்கும்.

பிறகு 1910 முதல் 1970 வரை ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். பாட்டும் கூடவே ரயில் ஏறியது. மடி வாட்டர்ஸ் மிசிசிப்பி பருத்தித் தோட்டத்திலிருந்து 1943-ல் சிகாகோ போனார். வயலில் தனியாக வாசித்த கிடார் நகரத்துச் சாராயக் கடை இரைச்சலில் எடுபடவில்லை. அதனால் எலக்ட்ரிக் கிடாருக்கு மாறினார். ராக் இசையின் அந்தச் சத்தத்துக்கு இப்படி ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. கூட்டத்தின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு மிசிசிப்பியிலிருந்து மெம்பிஸ் நகரத்துக்குப் பதிவுக்காகக் காரில் போனது. வழியில் ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிட்டது. ஸ்டுடியோக்காரர் சாம் பிலிப்ஸ் அதற்குள் காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார். கிடார் கரகரவென்று ஒலித்தது. அது நன்றாக இருக்கிறதே என்று அப்படியே பதிவு செய்தார்கள். "ராக்கெட் 88" என்ற அந்தப் பாட்டைத்தான் முதல் ராக் அண்ட் ரோல் பதிவு என்று பலர் சொல்கிறார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. குழு ஐக் டர்னருடையது. இசைத்தட்டின் மேல் இருந்ததோ, பாடிய சாக்ஸபோன்காரர் ஜாக்கி பிரென்ஸ்டனின் பெயர்!

கிடார் பிடித்த பெண்மணி

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1915-ல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். தேவாலயத்தில் பாடிய தாயின் கூடவே சின்ன வயதிலிருந்து ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். ஆண்டவரைப் பற்றிய பாட்டை எலக்ட்ரிக் கிடாரோடு இரவு விடுதியில் பாடினால் என்ன ஆகும்? பக்தர்கள் முகம் சுளித்தார்கள். கூட்டம் அலைமோதியது. 1944-ல் அவர் பதிவு செய்த ஒரு காஸ்பல் பாட்டு 1945-ல் "ரேஸ்" பட்டியலின் மேல்தட்டுக்கு ஏறியது. கிடாரையும் வேகத்தையும் கேட்டால் பத்து வருடத்துக்குப் பிறகு வந்த ராக் அண்ட் ரோல் மாதிரியே இருக்கும்.

1947-ல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் தன் கச்சேரிக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்த ஒரு பதினாலு வயதுப் பையனை மேடை ஏற்றிப் பாடவைத்தார். அந்தப் பையன்தான் லிட்டில் ரிச்சர்ட்.

ரொசெட்டா 1973-ல் இறந்தார். பல வருடங்களுக்கு அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல்கூடக் கிடையாது. ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் முதல் பட்டியலை 1986-ல் அறிவித்தது. அதில் எல்விஸ் இருந்தார், சக் பெர்ரி இருந்தார், லிட்டில் ரிச்சர்டும் இருந்தார். ரொசெட்டாவின் பெயர் சேர்ந்தது 2018-ல். 32 வருடம் தாமதம்!

பாட்டு ஒருத்தருக்கு, பணம் இன்னொருத்தருக்கு

ஆரம்பத்தில் சொன்ன எல்விஸின் 1954 பாட்டு "தட்ஸ் ஆல் ரைட்". அதை எழுதி 1946-ல் பதிவு செய்தவர் ஆர்தர் க்ரூடப், மிசிசிப்பிக்காரர். அவருக்கு வரவேண்டிய ராயல்டி ஒழுங்காக வரவே இல்லை. தோட்டக் கூலி வேலை செய்துதான் குடும்பம் நடத்தினார். 1974-ல் இறந்தார்.

"ஹவுண்ட் டாக்" பாட்டை 1952-ல் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன். 1953-ல் அது ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. தனக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். 1956-ல் எல்விஸ் பாடியபோது அது உலகத்துக்கே தெரிந்தது.

சக் பெர்ரியின் முதல் பாட்டு "மேபெலின்" 1955-ல் வந்தது. தட்டில் எழுதியவர்கள் என்று பார்த்தால் சக் பெர்ரியோடு ஆலன் ஃப்ரீட் பெயரும் இருந்தது. ஆமாம், அதே ரேடியோ அறிவிப்பாளர்தான். ரேடியோவில் பாட்டு ஓட வேண்டும் என்பதற்காகப் பெயரில் பங்கு! அந்தப் பெயர் நீங்கி முழு உரிமையும் பெர்ரிக்கு வர 1986 ஆனது.

நியாயமாக இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "ஹவுண்ட் டாக்" எழுதிய லீபரும் ஸ்டோலரும் யூத இளைஞர்கள். "மேபெலின்" பாட்டுக்குத் தூண்டுதல் வெள்ளைக்காரர்களின் கிராமியப் பாட்டு ஒன்று. எல்விஸும் தான் எங்கே கேட்டுக் கற்றேன் என்பதை மறைத்தவர் இல்லை. 1956-ல் ஒரு பேட்டியில் க்ரூடப் பெயரையே சொல்லிப் பாராட்டியிருக்கிறார். அதனால் இதைத் தனி ஒருவரின் திருட்டு என்று எழுதிவிட முடியாது. கலப்பது இசையின் குணம். ஆனால் கலந்த பிறகு யார் பெயர் தட்டில் வந்தது, யாருக்குப் பணம் போனது என்பதை இசை தீர்மானிக்கவில்லை. நிறம் தீர்மானித்தது.

கொழும்பு வழியாகத் தமிழுக்கு

1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தரக்குறைவு என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு காணாமல் போனது. மக்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ரேடியோ சிலோன் வீட்டுக்கு வீடு கேட்டது. 1957 அக்டோபரில் விவித் பாரதியை ஆரம்பித்து அரசு இறங்கி வந்தது. எது நல்ல இசை என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்தால் கீழே இருப்பவர்கள் வேறு அலைவரிசை தேடிக்கொள்வார்கள் :-)

அதே 1957-ல் "புதையல்" படம் வந்தது. அதில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையமைத்து, ஜே.பி.சந்திரபாபு பாடி ஆடிய காதல் பாட்டு ஒன்று இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். ராக் அண்ட் ரோலின் துள்ளல் அப்படியே தமிழில் இறங்கியிருக்கும். சந்திரபாபு தூத்துக்குடிக்காரர், கடலோரக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா சுதந்திரப் போராட்டக்காரர். சின்ன வயது கொழும்பில் கழிந்தது. மேற்கத்தியப் பாட்டும், குரலை உடைத்து உடைத்துப் பாடும் "யோடலிங்" முறையும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அப்புறம் 1964-ல் ஸ்ரீதரின் "காதலிக்க நேரமில்லை". வேலை போன கதாநாயகன் முதலாளி வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, ஆள் சேர்த்துக்கொண்டு, கிடாரும் டிரம்ஸும் முழங்க வேலை கேட்டுப் பாடுவான். அமெரிக்காவில் பணம் காய்ச்சிய இசை, இங்கே வேலைநிறுத்தக் கோஷத்தோடு சேர்ந்துகொண்டது.

இதோடு கட்டுரையை முடித்தால் "தமிழில் ராக் அண்ட் ரோல்" என்று ஒரு அழகான கதை கிடைக்கும். ஆனால் அது வெளியிலிருந்து வந்த கிளையின் கதை. அந்த மாதிரி ஒரு வேர் இங்கேயே இருந்ததே, அதை என்ன செய்தோம்?

தோல் ஊர்

எங்கள் பக்கத்தைப் பற்றித் தெரியாத நண்பர்களுக்கு: அணைக்கட்டு வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. பள்ளிகொண்டா போய் நெடுஞ்சாலை பிடித்தால் ஆம்பூர், அதைத் தாண்டினால் வாணியம்பாடி. இந்தப் பக்கம் பேரணாம்பட்டு, அந்தப் பக்கம் ராணிப்பேட்டை. எல்லாம் தோல் ஷாப்பு ஊர்கள். உலகத்தின் எந்த மூலையிலோ ஒருவர் போடும் ஷூவில் எங்கள் ஊர்க்காரர் கைபட்ட தோல் இருக்கலாம்.

தோலுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. பதனிட்டால் அது ஷூ ஆகும், பெல்ட் ஆகும், டாலர் ஆகும். பதனிடாமல் மயிர் நீக்கி, காயவைத்து, இழுத்துக் கட்டினால் மேளம் ஆகும். பதனிட்ட தோல் மெத்தென்று வளைந்து கொடுக்கும், அதில் நாதம் வராது. விறைப்பாக நிற்கும் பச்சைத் தோல்தான் பேசும். பறை அப்படித்தான் செய்கிறார்கள். மரச் சட்டம், அதன் மேல் கன்றுத் தோல், ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. அடிப்பதற்கு முன்னால் தீ மூட்டிக் காய்ச்சுவார்கள். சூட்டில் தோல் இறுகினால்தான் அந்தக் கணீர் சத்தம் கிடைக்கும். ஒரு கையில் தடித்த குச்சி, இன்னொரு கையில் மெலிந்த நீளக் குச்சி.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. அப்போது அது எல்லா நிலத்துக்கும் பொது. பிற்காலத்தில் அது சாவு மேளம் ஆனது, அடிப்பவர் தீண்டத்தகாதவர் ஆனார். ஊர்ச் சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. அமெரிக்காவில் மேளத்தைப் பிடுங்கினார்கள். இங்கே மேளத்தைக் கையில் திணித்து அதையே இழிவு என்றார்கள். வழி எதிரெதிர், நோக்கம் ஒன்று. அதனால்தான் பல ஊர்களில் தலித் மக்கள் "இனிமேல் சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம்" என்று குச்சியைக் கீழே போட்டார்கள். அதே பறையை விடுதலைக் கருவியாக மேடையில் எடுத்தவர்களும் அவர்கள்தான். இரண்டும் ஒரே மானத்திலிருந்து வந்தவை.

"அது நாட்டுப்புறம், கர்நாடக சங்கீதம் வேறு" என்று யாராவது சொல்லலாம். மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மாட்டுத் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல் மூன்றும் உண்டு. வாசித்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். செய்தவர்களின் பெயர்? பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோமா? மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-ல் ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் ரத்து செய்தது. விழா வேறு இடத்தில் நடந்தது. தோலைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் அரங்கத்துக்குக் கூச்சமாக இருக்கிறது.

கானா

மிசிசிப்பியிலிருந்து சிகாகோ போன மாதிரி, வட ஆற்காடு, செங்கல்பட்டு கிராமங்களிலிருந்து ஜனங்கள் சென்னைக்குப் போனார்கள். துறைமுகம், பின்னி மில், ரயில்வே பட்டறை, குதிரை வண்டி, ரிக்ஷா. குடியேறிய இடம் வடசென்னைக் குடிசைப் பகுதிகள். கூடவே ஒப்பாரியும் தாளமும் போயின. அங்கே உருண்டு திரண்டதுதான் கானா. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாட வேண்டும். டோலக் இருந்தால் டோலக், இல்லாவிட்டால் தகர டின், பெஞ்சுப் பலகை, தீப்பெட்டி. ஒருவர் பாட, கூட்டம் எடுத்துக் கொடுக்கும். சென்னைக் கல்லூரி மாணவர்கள் பஸ்ஸின் தகரத்தையே மேளமாக்கிப் பாடிய ரூட்டு கானாவும் இதன் பிள்ளைதான்.

நான் மேலே சொன்ன "ரிங் ஷவுட்" ஞாபகம் வருகிறதா? மேளம் இல்லாத இடத்தில் கிடைத்ததை மேளமாக்குவது, ஒருவர் பாட ஊரே பதில் சொல்வது, துக்கத்தையும் கிண்டலையும் ஒரே மூச்சில் பாடுவது. கடல் இடையில் இருக்கிறது, ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. ஆனாலும் ஒரே மாதிரி நெருக்கடி ஒரே மாதிரி இசையைப் பெற்றெடுத்திருக்கிறது.

1990-களில் தேவா இசையில் கானா சினிமாவுக்குள் பெரிய அளவில் வந்தது. 2006-ல் "சித்திரம் பேசுதடி" படத்தில் கானா உலகநாதன், 2012-ல் "அட்டகத்தி" படத்தில் கானா பாலா என்று பாடியவர்களே தங்கள் பெயரோடும் முகத்தோடும் வந்தார்கள். பெயருக்கு முன்னால் "கானா" என்ற பட்டத்தையும் போட்டுக்கொண்டு வந்தார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. அதற்கு முன்னால் எத்தனை மெட்டு, எத்தனை வரி, யாருடையது என்று தெரியாமலேயே திரைக்குப் போனதோ!

2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" முதல் கச்சேரி நடந்தது. பா.ரஞ்சித் முன்னெடுத்த குழு, இசையமைப்பாளர் தென்மா. பெயருக்குப் பின்னால் இருப்பது "நாங்கள் சாதியற்றவர்கள்" என்ற அயோத்திதாசரின் எண்ணம். மேடையில் கானாவும் பறையும் ராக் கிடாரும் ராப்பும் ஒன்றாக நின்றன. குழுவில் இருந்த இசைவாணி, ஆண்கள் மட்டுமே பாடுவது என்றிருந்த கானாவைப் பாடிய பெண். 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. ரொசெட்டா தார்ப் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

அரக்கோணத்துக்காரர்

அந்தக் குழுவில் இன்னொருவர் அறிவு. பழைய ஒன்றுபட்ட வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த, இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். அந்தப் பாட்டியின் கதையும் ஒப்பாரியின் சாயலும் சேர்ந்து 2021 மார்ச்சில் "எஞ்சாய் எஞ்சாமி" வந்தது. பாடியவர்கள் தீயும் அறிவும், இசை சந்தோஷ் நாராயணன். தமிழ் தெரியாதவர்கள் எல்லாம் பாடினார்கள்.

அதே வருடம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு இந்தப் பாட்டையும் இன்னொரு பாட்டையும் பற்றி எழுதியது. அட்டையில் தீ இருந்தார், மற்ற பாட்டின் பாடகர் இருந்தார். அறிவு இல்லை. எதிர்ப்புக் கிளம்பியது. பிறகு அறிவை வைத்து இணைய அட்டை ஒன்று வெளியிட்டார்கள். 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இந்தப் பாட்டு பாடப்பட்டபோதும் மேடையில் அறிவு இல்லை. அதையொட்டி யார் எந்தப் பகுதியை உருவாக்கினார்கள் என்று மூன்று பேரும் தனித்தனியாக அறிக்கை விட்டார்கள். ஒவ்வொருவர் சொன்னதும் ஒவ்வொரு மாதிரி. அதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இந்தப் பாட்டிலிருந்து அதுவரை தங்களுக்குக் காசே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

ஆர்தர் க்ரூடப்பும் 500 டாலர் காசோலையும் ஞாபகத்துக்கு வருகிறார்களா, இல்லையா? அந்தப் பத்திரிகையின் பெயருக்கே மடி வாட்டர்ஸ் 1950-ல் பதிவு செய்த ஒரு ப்ளூஸ் பாட்டும் ஒரு காரணம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். வேரின் பெயரைத் தலைப்பில் வைத்துக்கொண்டு வேரை அட்டையில் மறந்துவிட்டார்கள்.

கடைசியாக

நல்ல செய்தியும் இருக்கிறது. 2025-ல் மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ரொசெட்டாவுக்கு 32 வருடம் தாமதம். பறைக்கு எத்தனை நூற்றாண்டு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விருது வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. பத்மஸ்ரீ கிடைத்த அதே கருவியைச் சாவு வீட்டில் அடிப்பவருக்கு என்ன கூலி, என்ன மரியாதை, அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவரவர் ஊரில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ராக் அண்ட் ரோலின் வேரைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் மிசிசிப்பியில் கிராமம் கிராமமாக அலைந்திருக்கிறார்கள். மடி வாட்டர்ஸையே 1941-ல் ஒரு நூலகத்துக்காரர்கள் தோட்டத்துக் குடிசைக்குப் போய்த்தான் முதலில் பதிவு செய்தார்கள். அமெரிக்கப் பாராளுமன்ற நூலகம் அது. அந்தப் பதிவு இன்றைக்கும் இருக்கிறது, அவர் பெயரோடு இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மயானக் கொள்ளை நாளில் பாலாற்றங்கரையில் பம்பை முழங்கும். கோடையில் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். அங்கே வாசிக்கிறவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? நம்மிடம் எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது. இந்த வருடத் திருவிழாவில் வீடியோ எடுக்கும்போது வாசிப்பவரிடம் போய், "அண்ணா, உங்க பேரு என்ன? யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டு, அதையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். வீடியோவைப் போடும்போது சாமியின் பெயரோடு அவர் பெயரையும் போடுங்கள். அம்பது வருடம் கழித்து ஒருவர் வேரைத் தேடி வந்தால், பெயராவது கிடைக்கட்டும்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.